விளையாட்டுக் கணிப்பு: வியாபாரமா? சூதாட்டமா?

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவை முன்னிட்டு நமது பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

 

கிரிக்கெட் போட்டியின் முடிவை முன்கூட்டியே கணித்துக் கைப்பேசிச் செயலியில் பணம் ஈட்டுவது ஹலாலா, ஹராமா என்று விளக்கமாகப் பேச வேண்டுமென நிர்வாகக் குழு என்னைக் கேட்டுக்கொண்டது. இக்கேள்வி வெறும் பாடக் கேள்வியாக எழவில்லை. 2025 ரமளானில், வெளியூரில் பணிபுரியும் நமது மஹல்லா இளைஞர் ஒருவர் பள்ளி விரிவாக்க நிதிக்கென்று ஒரு தொகையை நீட்டினார். பணம் வந்த வழியை அவரே மறைக்காமல் சொன்னார். "ஹஸ்ரத், இது சூது இல்லை. நான் ஆட்டத்தைப் படித்து, கணக்குப் போட்டுச் சம்பாதித்தது. செயலியிலேயே வர்த்தகம் என்றுதான் போட்டிருக்கிறார்கள். திறமை இருந்தால் சூதாகாது என்று கோர்ட்டும் சொல்லியிருக்கிறது" என்றார். நிர்வாகிகள் தொகையைக் கணக்கில் ஏற்றாமல் தனியே வைத்துவிட்டு என்னிடம் வந்தார்கள்.

அந்த இளைஞர் சொன்னதில் பொய் ஏதுமில்லை. ஆகவே அவருடைய வாதத்தை ஒதுக்கித் தள்ளாமல் ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்வோம்.

முதலில், இது நடக்கும் விதம். செயலியில் ஒரு கேள்வி தோன்றும்: இன்றைய ஆட்டத்தில் இன்ன அணி வெல்லுமா? விடை ஆம் அல்லது இல்லை. 'ஆம்' என்பதன் விலை 6 ரூபாய் என்றால் 'இல்லை' என்பதன் விலை 4 ரூபாய். இரண்டையும் கூட்டினால் எப்போதும் 10. ஒருவர் 'ஆம்' வாங்க வேண்டுமானால் எங்கோ ஓர் ஊரில் முகம் தெரியாத இன்னொருவர் 'இல்லை' வாங்கியிருக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் ஒருவருக்குப் 10 ரூபாய், மற்றவருக்குப் பூஜ்யம். நிறுவனம் தன் கட்டணத்தை எடுத்துக்கொள்ளும். ஆட்டம் நடக்கும்போதே பந்துக்குப் பந்து விலை ஏறி இறங்கும். நடுவிலேயே விற்று வெளியேறவும் செய்யலாம். விலை இருக்கிறது, வாங்குதல் விற்றல் இருக்கிறது என்பதால் இதற்குக் கருத்து வர்த்தகம் என்றும், கணிப்புச் சந்தை என்றும் பெயர் சூட்டினார்கள். புரோபோ போன்ற இந்தியச் செயலிகள் இவ்விதமாகவே நடந்தன.

இனி நீதிமன்றம் சொன்னது என்ன என்று பார்ப்போம். நமது நாட்டுச் சட்டம் நெடுங்காலமாகக் கேட்டுவந்த கேள்வி ஒன்றுதான்: இதில் மேலோங்கி நிற்பது திறமையா, அதிர்ஷ்டமா? 1930ஆம் ஆண்டுச் சென்னைச் சூதாட்டச் சட்டமே திறமை விளையாட்டுகளுக்கு விலக்கு அளித்தது. (அன்று நம் பகுதி திருவிதாங்கூர் மன்னரின் ஆட்சியில் இருந்தது, 1956இல்தான் தமிழகத்தோடு இணைந்தோம்.) 1957இல் பத்திரிகைகளின் குறுக்கெழுத்துப் பரிசுப் போட்டி வழக்கில், சூதாட்டம் ஒரு வணிகமே அல்ல, அதை நடத்த அரசியல் சாசன உரிமை கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்தது. ஆனால் திறமைப் போட்டி வேறு என்றும் அது பிரித்துக் காட்டியது. அந்தப் பிளவின் வழியேதான் பின்னால் வந்தவர்கள் எல்லாரும் நுழைந்தார்கள். 1968இல் ரம்மி பெரும்பாலும் திறமை விளையாட்டே என்று தீர்ப்பு வந்தது. கீழே விழும் சீட்டுகளை நினைவில் வைத்து ஆட வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

நமது பொருளுக்கு மிக நெருக்கமானது 1996 ஜனவரியில் வந்த குதிரைப் பந்தயத் தீர்ப்பாகும். தமிழக அரசு 1974இல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. கிண்டி மெட்ராஸ் ரேஸ் கிளப் தொடர்பான வழக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் கடந்து உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. குதிரையின் வம்சம், பயிற்சி, ஓட்டுபவரின் ஆற்றல் ஆகியவற்றை அறிந்தே பணம் கட்டுகிறார்கள். எனவே இது திறமை சார்ந்தது, சூது அல்ல என்றது நீதிமன்றம். நம் இளைஞர் குறிப்பிட்ட வாதத்தின் வேர் இதுவே. 2017இல் பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றமும், 2019இல் மும்பை உயர் நீதிமன்றமும் கற்பனை அணி அமைத்து ஆடும் டிரீம் 11 போட்டியைத் திறமை என்று ஏற்றன. நமது சட்டமன்றம் 2021இல் இணையப் பந்தயங்களைத் தடை செய்தபோது, அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அச்சட்டத்தை ரத்துச் செய்தது. ஓய்வுபெற்ற நீதியரசர் சந்துரு அவர்களின் குழு அறிக்கைக்குப் பின் 2022இல் மீண்டும் ஒரு மசோதா நிறைவேறியது, ஆளுநர் திருப்பியனுப்பினார், 2023 மார்ச்சில் மறுபடி நிறைவேற்றப்பட்டு ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. அந்த நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மியையும் போக்கரையும் மட்டும் தடைப் பட்டியலிலிருந்து விடுவித்தது. அத்தனை முறையும் வழக்கு நின்ற இடம் திறமை என்னும் ஒரே சொல்.

பெருமக்களே! இங்கேதான் நமது ஃபிக்ஹு நூல்களைத் திறக்க வேண்டும். திறமை என்னும் சொல்லை அவை அறியாதவை அல்ல. மதீனாவில் நபி (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயமே நடத்தினார்கள். பயிற்சி பெற்ற குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதாஃ வரை, பயிற்சி பெறாதவற்றிற்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை என்று தூரம் குறித்ததையும், இப்னு உமர் (ரலி) அவர்கள் அதில் கலந்துகொண்டதையும் புகாரியில் காண்கிறோம். ஒட்டகம், குதிரை, அம்பெய்தல் ஆகியவற்றில் பரிசுப் பொருள் வைக்கலாம் என்னும் நபிமொழியும் உண்டு. நம் மத்ரஸாக்களில் ஓதப்படும் இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில் இதற்கென்றே ஒரு பாடம் இருக்கிறது.

அப்பாடத்தின் நிபந்தனைகளைக் கவனியுங்கள். பரிசை ஆட்சியாளரோ வெளியாளோ வைக்கலாம். போட்டியாளர் இருவரில் ஒருவர் மட்டும் வைக்கலாம். இருவருமே பணம் வைத்து வென்றவர் அள்ளிக்கொள்வது என்றால், பணம் வைக்காமலே வெல்லக்கூடிய மூன்றாமவர் ஒருவர் இடையில் இருந்தாலன்றிக் கூடாது. அம்பெய்பவனுக்குத் திறமை இல்லை என்று எந்த இமாமும் சொல்லவில்லை. திறமை முழுமையாக இருக்கும் அந்த இடத்திலேயே இருவர் பணமும் மோதுவதைத் தடுத்தார்கள். ஆக, நீதிமன்றம் எவ்வளவு திறமை என்று அளந்தது. மார்க்கமோ யாருடைய பணம் யாரிடம் போகிறது என்று கேட்கிறது.

அடுத்து, யாருடைய திறமை என்பதும் முக்கியம். பரிசு பெறுபவன் குதிரையைப் பழக்கியவன், அம்பை எய்தவன். திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டு "இந்தக் குதிரைதான்" என்று சொன்னவனுக்கு அப்பாடத்தில் இடமில்லை. வியப்பு என்னவென்றால், ஆங்கிலேயர் இயற்றிய 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவும் இதையொட்டியே பேசுகிறது. பந்தய ஒப்பந்தம் செல்லாது, பந்தயத்தில் வென்றதைக் கேட்டு வழக்குத் தொடர முடியாது என்று கூறிவிட்டு, குதிரை ஓட்டத்தில் வெல்பவருக்கு அளிக்கப்படும் 500 ரூபாய்க்குக் குறையாத பரிசுக்கு மட்டும் அது விலக்குத் தருகிறது. ஓடுகிறவருக்குப் பரிசு, பார்க்கிறவரின் பந்தயத்துக்குப் பாதுகாப்பு இல்லை. சதம் அடித்த ஆட்டக்காரரின் ஊதியத்தை நாம் சூதென்று சொல்லவில்லை. அவர் சதமடிப்பார் என்று நாகர்கோவிலில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபடி 6 ரூபாய் கட்டியவரைப் பற்றியே பேசுகிறோம்.

"அபூபக்கர் (ரலி) அவர்கள் பந்தயம் கட்டவில்லையா?" என்று இன்னொரு தம்பி கேட்டார். படித்துவிட்டுத்தான் கேட்டிருக்கிறார், பாராட்டுகிறேன். பாரசீகரிடம் தோற்ற ரோமர்கள் சில ஆண்டுகளில் வெல்வார்கள் என்று ரூம் அத்தியாயம் அறிவித்தபோது, மக்காவில் குறைஷிகளோடு அபூபக்கர் (ரலி) அவர்கள் ஒட்டகங்களைப் பந்தயம் வைத்தார்கள். முதலில் அவர்கள் குறித்த தவணை குறுகியதாக இருந்தது. அவ்வசனத்திலுள்ள சொல் பத்துக்குள் அடங்கும் எண்ணைக் குறிக்கும் என்று நபி (ஸல்) அவர்கள் சுட்டிக்காட்டினார்கள். ரோமர்கள் வென்றார்கள். முடிவு தெரியாத ஒன்றை இரு தரப்பும் விலை வைத்துக் கணித்ததால், இன்றைய கணிப்புச் சந்தையின் தோற்றம் இதில் இருப்பது உண்மைதான். ஆனால் இது பந்தயம் ஹராமாக்கப்படுவதற்கு முன் நடந்தது என்று திர்மிதீ அறிவிப்பிலேயே வந்திருக்கிறது. வந்த ஒட்டகங்களைத் தர்மம் செய்துவிடச் சொன்னதாகவும் தஃப்ஸீர் நூல்களில் காண்கிறோம். மேலும், அவர்கள் நம்பியது வஹீயை. நம் தம்பிமார் நம்புவது போன வாரத்து ஓட்டக் கணக்கை!

சரி, பங்குச் சந்தையும் இப்படித்தானே என்பார்கள். ஒரு கம்பெனியின் பங்கை வாங்கியவன் அக்கம்பெனியின் கட்டடத்திலும் இயந்திரத்திலும் கடனிலும் ஒரு துளிக்கு உரியவனாகிறான். கம்பெனி வளர்ந்தால் விற்றவரும் வாங்கியவரும் இருவருமே இலாபத்தில் இருக்கலாம். (பங்குச் சந்தையில் நடப்பதெல்லாம் ஹலால் என்று நான் சொல்லவில்லை, அது தனியே பேச வேண்டியது.) நமது கடற்கரையையே எடுத்துக்கொள்ளுங்கள். குளச்சலில் மீன் ஏலம் எடுப்பவரும் கணித்துத்தான் எடுக்கிறார், நட்டப்படவும் செய்கிறார். ஆனால் கூடையில் மீன் இருக்கிறது. கடலில் நீந்திக்கொண்டிருக்கும் மீனை விற்பது செல்லாது என்று ஃபிக்ஹு நூல்கள் உதாரணம் காட்டுகின்றன. 'ஆம்', 'இல்லை' வியாபாரத்திலோ கூடையும் இல்லை, கடலும் இல்லை. பத்துப் பேர் சேர்ந்து வைத்த பணத்திலிருந்து நிறுவனத்தின் கட்டணம் போக மீதி, அதே பத்துப் பேருக்குள் இடம் மாறுகிறது. ஒருவர் வீட்டில் பெருகிய ஒவ்வொரு ரூபாயும் இன்னொருவர் வீட்டில் குறைந்த ரூபாய்.

நாட்டின் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியும் 2025 ஏப்ரல் 29இல் எச்சரிக்கை விடுத்தது. இச்செயலிகளில் விற்கப்படுவது பத்திரமோ பங்கோ அல்ல, முதலீட்டாளர்களுக்குரிய எந்தப் பாதுகாப்பும் இதற்குக் கிடையாது என்று அது அறிவித்தது. வர்த்தகம் என்று எழுதியிருப்பதால் வர்த்தகமாகிவிடாது என்பதை மார்க்க அறிஞர்கள் சொல்வதற்கு முன்பே சந்தையைக் காப்பவர்கள் சொல்லிவிட்டார்கள்.

பின்னர் அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் இணைய விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டத்தை இரண்டே நாட்களில் இரு அவைகளிலும் நிறைவேற்றியது. 22ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். எழுபது ஆண்டு வழக்குகள் சுற்றிச் சுற்றி வந்த சொல்லை இச்சட்டம் ஒரே வரியில் தாண்டிவிட்டது. திறமையோ, அதிர்ஷ்டமோ, இரண்டும் கலந்ததோ, பணம் கட்டிப் பணம் எதிர்பார்க்கும் இணைய விளையாட்டு எதுவாயினும் தடை என்றது. நடத்துபவருக்கு மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். டிரீம் 11 தன் கட்டணப் போட்டிகளை நிறுத்தியது; இந்திய அணியின் சட்டையிலிருந்தும் அதன் பெயர் நீங்கியது. புரோபோவும் பணப் பந்தயத்தை நிறுத்தியது. நிறுவனங்கள் உயர் நீதிமன்றங்களை நாடின. அவ்வழக்குகளை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தன்னிடமே மாற்றிக்கொண்டது.

அமெரிக்காவிலும் இதே சச்சரவுதான். கால்ஷி என்னும் நிறுவனம் 2025 தொடக்கத்தில் விளையாட்டு முடிவுகளுக்கு 'ஆம்', 'இல்லை' ஒப்பந்தம் விற்கத் தொடங்கியது. இது பந்தயம், எங்கள் மாநில உரிமம் வேண்டும் என்றன நெவாடாவும் நியூஜெர்சியும். இல்லை, கோதுமைக்கும் எண்ணெய்க்கும் முன்பேர ஒப்பந்தம் எழுதுவதைப் போன்றதே இது, எங்களை மத்திய ஆணையம்தான் கேட்க முடியும் என்றது நிறுவனம். நியூஜெர்சியில் நீதிபதி நிறுவனத்தின் பக்கம் நின்றார். மேரிலாந்தில் இன்னொரு நீதிபதி மறுத்தார். நெவாடாவில் முதலில் ஏப்ரலில் தடையாணை தந்த நீதிபதியே நவம்பரில் அதை நீக்கினார். கோதுமை விதைத்தவனுக்கு விலை வீழ்ச்சி பற்றிய அச்சம் உண்டு. ஒப்பந்தம் அவன் அச்சத்தைக் குறைக்கிறது. ஆட்டம் பார்ப்பவனுக்கு ஆட்டத்தில் எந்த விளைச்சல் இருக்கிறது? பந்தயம் கட்டிய பிறகே அவனுக்கு அச்சம் பிறக்கிறது.

சட்டம் தடுத்துவிட்டதே, இனி நாம் ஏன் பேச வேண்டும் என்று எண்ணாதீர்கள். நாளை தீர்ப்பு எப்படியும் வரலாம். பழைய தீர்ப்பைக் காட்டி ஹலால் கேட்டவர்கள் புதிய தீர்ப்பைக் காட்டியும் கேட்பார்கள். இன்னொன்றும் இருக்கிறது. மத்தியச் சட்டம் விளையாடியவரைத் தண்டிப்பதில்லை. அவரை ஏமாற்றப்பட்டவராகவே பார்க்கிறது. அது அரசின் கருணை. மார்க்கத்தின் பார்வையில் வென்றவரும் தோற்றவரும் இருவருமே குற்றத்தில் பங்காளிகள். சூதாடலாம் வா என்று அழைத்தவர்கூட அச்சொல்லுக்குப் பரிகாரமாகத் தர்மம் செய்யட்டும் என்பது புகாரி, முஸ்லிமில் உள்ள ஹதீஸின் கருத்து.

அரசே நடத்தினால்? நம் மாவட்டத்தார்க்கு இக்கேள்வி புதிதல்ல. தமிழகத்தில் 2003இல் லாட்டரி ஒழிந்தது. களியக்காவிளையைத் தாண்டினால் கேரள லாட்டரி. 1967இல் அதைத் தொடங்கியபோது நிதியமைச்சராக இருந்தவர் பி.கே. குஞ்ஞு சாஹிப்; பெயர் நம் பெயராக இருப்பதால் தீர்ப்பு மாறாது. ஒரு ரூபாய்ச் சீட்டுக்கு ஐம்பதாயிரம் பரிசாக இருந்தது, ஓணம் பம்பர் 25 கோடி என்று வளர்ந்தது. 2023இல் அந்த 25 கோடி தமிழகத்தார் சிலருக்கு விழுந்த செய்தி வந்த வாரத்தில், எல்லை தாண்டிப் போனவர்கள் எத்தனை பேர் என்பதை மார்த்தாண்டம் பஸ்ஸில் வந்தவர்கள் அறிவார்கள். காருண்யா என்ற பெயரிலேயே ஒரு சீட்டு விற்று, அவ்வருவாயில் ஏழை நோயாளிகளுக்கு மருத்துவ உதவி செய்தார்கள். நற்செயல்தானே என்பீர்கள். அறியாமைக் கால அரபிகளின் மைஸிரும் அப்படித்தான் இருந்தது. ஓர் ஒட்டகத்தை அறுத்து, பத்து அம்புகளைக் குலுக்குவார்கள். ஏழு அம்புகளுக்குப் பங்கு, மூன்று வெறும் அம்புகள். வென்றவர் இறைச்சியை வீட்டுக்குக் கொண்டுபோவதை இழிவாக எண்ணி ஏழைகளுக்கே பகிர்ந்தார்கள். அதைப் பெருமையாகவும் பாடினார்கள். பகரா அத்தியாயத்தின் 219ஆம் வசனம் அந்தப் பயனை மறுக்கவில்லை. பயன் உண்டு, பாவம் அதைவிடப் பெரிது என்றே தீர்ப்பளித்தது.

இனி அந்த இளைஞரின் தொகை. உரியவர் இன்னாரென்று தெரிந்தால் அவரிடமே திருப்பித் தர வேண்டும். இங்கே தோற்றவர் யாரென்று தெரியாது. அத்தகைய பணத்தைப் பாலம், பள்ளிவாசல் போன்ற பொது நலனுக்கும், இல்லையேல் ஏழைகளுக்கும் செலவிட்டுக் கைகழுவலாம் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் கூற்றை இமாம் நவவி (ரஹ்) அவர்கள் எடுத்தெழுதியுள்ளார்கள். எனவே பள்ளிக்கு வாங்கவே கூடாது என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் மினாராவில் அவர் பணமும் இருக்கிறது என்று ஊரில் பேச்சு வந்தால், நாளை பத்துப் பேர் வென்றதில் ஒரு பங்கைப் பள்ளிக்கு நேர்ந்துகொண்டு ஆடத் தொடங்குவார்கள். ஆதலால் விரிவாக்க நிதியில் சேர்க்காமல், நன்மையை எதிர்பாராமல் அவரே வறியவர் மருத்துவச் செலவுக்குக் கொடுத்துவிடுமாறு சொன்னோம். அவரும் மனமுவந்து அவ்வாறே செய்தார். செயலியையும் அழித்துவிட்டார்.

அவர் வென்றவர். தோற்றவர்கள் என்னிடம் பணம் கொண்டுவருவதில்லை. அவர்களுடைய தாய்மார்கள்தாம் வருகிறார்கள். மகன் செல்போனில் தொலைத்ததை அடைக்கத் தன் தாலிச் சங்கிலியை அடகு வைத்துவிட்டு, சவூதியிலிருக்கும் கணவரிடம் என்ன சொல்வதென்று ஓர் உம்மா கேட்டார். இப்படிப்பட்டவர்களுக்குப் பைத்துல்மாலிலிருந்து உதவலாமா என்பதே நிர்வாகக் குழுவின் இரண்டாவது கேள்வி.

இதற்கும் மின்ஹாஜில் விடை உண்டு. பாவத்திற்காகக் கடன்பட்டவருக்கு ஜகாத் இல்லை என்பது பொது விதி. அவ்விடத்தில் இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தம் சொல்லைச் சேர்க்கிறார்கள்: அவர் தவ்பாச் செய்துவிட்டால் கொடுக்கலாம் என்பதே மிகச் சரியானது என்று. ஆனால் எது கடன் என்பதைப் பிரித்தறிய வேண்டும். பந்தயத்தில் வென்றவருக்குத் தோற்றவர் கடன்பட்டவரல்லர். மார்க்கத்திலும் இல்லை, 30ஆம் பிரிவிலும் இல்லை. பந்தயத் தரகர் வீட்டு வாசலில் வந்து நின்றால் அவருக்குப் பைத்துல்மாலிலிருந்து ஒரு காசும் கிடையாது. தேவைப்பட்டால் நிர்வாகிகள் உடன் வந்து காவல் நிலையத்தில் சொல்வார்கள். மாமாவிடமும் நண்பரிடமும் கைமாற்றாக வாங்கியது கடன். அடகுக் கடையில் வைத்த நகையின் அசல் கடன்.

இவ்வாறு கடன்பட்டிருப்போர் வெள்ளி, சனி இரவுகளில் இஷாவுக்குப் பின் என் அறைக்கு வரலாம். பெண்களாயின் அஸருக்குப் பின் மத்ரஸா முதல்வரின் வீட்டாரைக் காணலாம். கடன் விவரத்தோடு கைப்பேசியையும் கொண்டுவரச் சொல்லுங்கள். செயலியையும், அதனோடு இணைந்த வங்கிக் கணக்கையும் உடனிருந்தே நீக்கிக்கொடுப்போம். பெயர்கள் எந்தப் பதிவேட்டிலும் ஏறா. அடுத்த ஆண்டறிக்கையில் மொத்தத் தொகை மட்டுமே அச்சாகும்.